கான்ட்டுக்கு கும் நகர் தந்த பதில் செல்லுமா?

சுவடி:
ஈரானிய மெய்யியலைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கூற்று தவறாமல் வந்துவிடுகிறது. காரணம் போன்ற கருத்துகள் வெளியுலகிலிருந்து வருகின்றனவா, நம் மனமே தருகிறதா என்று ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் எழுப்பிய சிக்கலை, பதினேழாம் நூற்றாண்டு ஈரானிய மெய்யியலாளர் முல்லா சத்ராவின் வழிவந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டில் ஈரானின் கும் நகர மதரசாக்களிலேயே தீர்த்துவிட்டார்களாம். இதை நான் மறுக்கிறேன். அவர்கள் பதில் சொன்னது கான்ட்டுக்கு அல்ல, பாரசீகத்தில் சுருக்கி எழுதப்பட்ட ஒரு கான்ட்டுக்கு.

நூல்கள் வந்த வரிசையைப் பாருங்கள். தெகார்த்தின் 'முறை பற்றிய உரை' 1862இல் தெஹ்ரானில் பாரசீகத்தில் வெளிவந்தது. பிரெஞ்சுத் தூதர் கொபினோவின் முயற்சியில், ஹமதானைச் சேர்ந்த யூத அறிஞர் முல்லா லாலாஸார் மொழிபெயர்த்தார். அதன்பின் நீண்ட இடைவெளி. 1931 முதல் 1941 வரை முகம்மது அலி ஃபுரூகி 'ஐரோப்பாவில் மெய்யியலின் போக்கு' நூலை மூன்று தொகுதிகளாக எழுதினார். கிரேக்கரில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை மூன்றே தொகுதி! கான்ட்டின் 'தூய அறிவின் விமர்சனம்' முழுமையாகப் பாரசீகத்துக்கு வந்தது 1983இல், அதீப் சுல்தானியின் கையால். மூலநூல் அச்சாகி 202 ஆண்டுகளுக்குப் பிறகு. கும் தரப்பின் முதன்மையான கான்ட் விமர்சகர் முர்தஸா முதஹ்ஹரியோ 1979 மே 1 அன்றே கொல்லப்பட்டுவிட்டார்.

அவருடைய வாதம் இதுதான். தீ பஞ்சை எரிக்கிறது. 'தீ', 'பஞ்சு' என்பவை முதல்நிலைக் கருத்துகள். புலன் வழியே வருபவை. 'தீ என்பது பொதுச்சொல்' என்னும்போது அந்தப் பொதுத்தன்மை மனத்துக்குள் மட்டுமே இருக்கிறது. அது தருக்கம் சார்ந்த இரண்டாம்நிலைக் கருத்து. 'தீ காரணம்' என்பது இந்த இரண்டிலும் சேராது. தீக்குப் பக்கத்தில் காரணம் என்ற தனிப்பொருள் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் காரணமாக இருப்பது வெளியே எரிகிற அந்தத் தீதான். கருத்து வந்து பொருந்துவது மனத்தில், அதனால் பண்பு பெறுவது வெளியுலகில். மெய்யியல் சார்ந்த இரண்டாம்நிலைக் கருத்து என்று இதற்குப் பெயர். கான்ட் இந்த மூன்றாவது வகையை அறியாததால்தான் காரணத்தை மனத்தின் வார்ப்பச்சாக்கிவிட்டார் என்கிறார் முதஹ்ஹரி.

அழகான பாகுபாடு, மறுக்கவில்லை. ஆனால் கான்ட்டின் கேள்வி அதற்கும் முந்தையது. ஒரு வீட்டைப் பார்க்கிறீர்கள். கூரையிலிருந்து வாசலுக்கோ வாசலிலிருந்து கூரைக்கோ எப்படி வேண்டுமானாலும் பார்வையை நகர்த்தலாம். ஆற்றோட்டத்தில் போகும் படகை அப்படிப் பார்க்க முடியாது. மேலே இருந்ததுதான் முதலில், கீழே வந்தது பிறகு. இரண்டிலும் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகின்றன. அப்படியிருக்க, படகில் மட்டும் அந்த வரிசை பொருளினுடையது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? காரண-காரிய விதி முன்பே வேலை செய்தால்தான் சொல்ல முடியும் என்கிறார் கான்ட். அனுபவம் உருவாவதற்கே தேவைப்படுகிற ஒன்றை, அனுபவம் முடிந்தபிறகு அதிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது?

கலங்கரை:
முதஹ்ஹரியைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் கும் தரப்பின் பதில் அவர் தோளில் மட்டும் நிற்கவில்லை. அவருடைய ஆசிரியர் அல்லாமா தபாதபாயீயின் 'மெய்யியலின் அடிப்படைகளும் யதார்த்தவாத முறையும்' நூலில் பதினான்கு கட்டுரைகள் உள்ளன. முதல் தொகுதி 1953இல் வந்தது. முதஹ்ஹரி எழுதியது அதற்கான அடிக்குறிப்புகளை. அந்த நூல் குறிவைத்ததும் முதலில் கான்ட்டை அல்ல, மார்க்சியச் சிந்தனையாளர் தகீ அரானீ வழியாக ஈரானில் பரவியிருந்த இயங்கியல் பொருள்முதல்வாதத்தை. இதை விட்டுவிட்டால் நூலின் அமைப்பே புரியாது.

நீங்கள் தேடும் பதில் ஐந்தாவது கட்டுரையில் இருக்கிறது. காரணம் என்ற கருத்து தீயையும் பஞ்சையும் பார்த்து வந்ததல்ல என்பதை தபாதபாயீயும் ஒப்புக்கொள்கிறார். புலன்கள் தருவது தொடர்ச்சியை மட்டுமே என்ற ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூமின் கூற்று அவருக்குச் சிக்கலே இல்லை. அவர் காட்டும் ஊற்று வேறு. நான் ஒன்றை எண்ணுகிறேன், ஒன்றை விரும்புகிறேன். இந்த எண்ணமும் விருப்பமும் என்னைச் சார்ந்து நிற்பதை நான் எந்தப் படிமத்தின் வழியாகவும் அறிவதில்லை. அவை என் முன்னிலையில் நேரடியாக இருக்கின்றன. 'இல்ம் ஹுஸூரி', அதாவது முன்னிலை அறிவு என்பது இதுதான். இந்தச் சார்பை மனம் பிறகு கருத்தாக மாற்றிக்கொள்கிறது. ஆக, உங்கள் படகுக்கு முன்பே காரணக் கருத்து கையில் இருக்கிறது. அது மனத்தின் வெற்று அச்சு அல்ல, உண்மையில் உள்ள ஓர் உறவிலிருந்து வந்தது.

நூல் கிடைக்காமல் பேசினார்கள் என்ற குறையை மஹ்தீ ஹாயிரீ யஸ்தீ மீது வைக்கவே முடியாது. கும் ஹவ்ஸாவை (சமயக் கல்விக்கூடத்தை) நிறுவியவரின் மகன்; டொராண்டோவில் 1979இல் முனைவர் பட்டம் பெற்றவர்; 1992இல் முன்னிலை அறிவைப் பற்றி ஆங்கிலத்திலேயே நூல் வெளியிட்டவர். அவரும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறார்.

மாறன்:
ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கரை விட்டுவிட்டு, ஐரோப்பிய மெய்யியலை ஈரான் எதிர்கொண்ட கதையைப் பேசலாமா? பிரெஞ்சு அறிஞர் கோர்பன் 1938இலேயே ஹைடெக்கரைப் பிரெஞ்சில் கொண்டுவந்தவர். பிறகு தெஹ்ரானில் தங்கி, பன்னிரண்டாம் நூற்றாண்டு மெய்யியலாளர் சுஹ்ரவர்தியையும் முல்லா சத்ராவையும் பதிப்பித்தார். ஈரானியச் சிந்தனையாளர் அஹ்மத் ஃபர்தீதின் ஹைடெக்கர் வாசிப்பிலிருந்துதானே 'கர்ப்ஸதகீ' (மேற்கு பீடித்த நிலை) என்ற சொல்லே பிறந்தது?

கலங்கரை:
உண்மைதான், மாறன். அந்தச் சொல்லை ஊரறியச் செய்தது 1962இல் வந்த ஜலால் ஆலே அஹ்மதின் நூல். ஆனால் அது மேற்குமயமாதல் பற்றிய விவாதம். காரணக் கருத்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது.

தாழை:
இரண்டு பேரும் சொற்களைக் கவனிக்காமல் கடந்து போகிறீர்கள். தபாதபாயீ நூலின் தலைப்பில் உள்ள 'யதார்த்தவாதம்' எதற்கு எதிராக வைக்கப்பட்டது? 'ஐடியலிசம்' என்பதை அவர் புற உலகையே மறுக்கும் சொஃபிஸ்டுகளின் நிலையோடு சேர்த்துவிடுகிறார். அந்தக் கதவு வழியாக உள்ளே வரும் வாசகருக்கு, அனுபவ அளவில் தன்னை யதார்த்தவாதி என்றே சொல்லிக்கொண்ட கான்ட் கண்ணில் படவே மாட்டார். தமிழிலும் இதே விபத்து நடந்திருக்கிறது. 'கருத்துமுதல்வாதம்' என்ற சொல் மார்க்சிய நூல்கள் வழியாகப் பரவியது. கருத்து முதலா, பொருள் முதலா என்ற சண்டை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கான்ட்டின் தலையில் கட்டினால், மனத்துக்கு வெளியே பொருளே இல்லை என்ற பெர்க்லியாக அவர் ஆகிவிடுவார்.

அதீப் சுல்தானி எதிர்த்திசையில் போனார். அரபுவழிச் சொற்களின் பழைய வாடை ஒட்டக்கூடாது என்று தூய பாரசீகத்தில் புதுச்சொற்களைப் படைத்தார். கான்ட்டின் 'அன்ஷவுங்' (பொருளை நேரடியாக எதிர்கொள்ளும் காட்சி) அவரிடம் 'ஸஹெஷ்' ஆனது. மற்றவர்கள் அதற்கு 'ஷுஹூத்' என்கிறார்கள். ஆனால் ஷுஹூத் என்றதும் சூஃபிகளின் அகக்காட்சி நினைவுக்கு வந்துவிடும். கான்ட் மனிதருக்கு இல்லை என்று மறுத்த அறிவுக்காட்சியையே (புலனின்றி அறிவாலேயே நேரடியாகக் காண்பதையே) அவர் ஏற்றதுபோல் தோன்றும். புதுச்சொல்லிலோ பிழை குறைவு, ஆனால் படிப்பவர் திணறுவார். ஒப்பிட விரும்புவோருக்கு என் யோசனை: ஒரே பத்தியை எடுங்கள். ஜெர்மன் சொல், ஃபுரூகியின் சொல், சுல்தானியின் சொல் மூன்றையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். வாதம் எங்கே இடறுகிறது என்று அதற்குப் பிறகு பாருங்கள். பல இடங்களில் இடறுவது வாதமல்ல, சொல்தான்.

சுவடி:
தாழை சொன்னதை மனமார ஏற்கிறேன். கலங்கரைக்கு இரண்டு பதில்கள்.

ஒன்று, ஹியூம் இந்த வழியை 1748லேயே அடைத்துவிட்டார். திடீரென்று பக்கவாதம் தாக்கியவர் கையை அசைக்க முயல்கிறார். நலமாக இருப்பவருக்குள்ள அதே உணர்வுதான் அவருக்கும். கை அசையாது என்பது நடந்தபிறகே தெரிகிறது. அப்படியானால் உள்ளுணர்வில் காரண ஆற்றல் எங்கே தெரிந்தது? கை வேண்டாம், எண்ணங்களையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாலும் ஹியூம் விடவில்லை. மனம் தன் எண்ணங்களை எப்படி வரவழைக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது என்கிறார்.

இரண்டு, கான்ட்டுக்கு, மனம் தன்னையே உணரும் அகப்புலனும் காலத்தின் வழியே வருவதுதான். நாம் நம்மை அறிவதும் தோன்றுகிறபடியே, இருக்கிறபடி அல்ல.

கலங்கரை:
ஹியூம் 'எப்படி' என்று கேட்கிறார். தபாதபாயீ சொல்வது 'எப்படி' என்பதை அல்ல. சார்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. என் விருப்பம் என்னை விட்டுத் தனியாக நிற்காது என்பதை அறிய அதன் இயக்கமுறை தெரிய வேண்டியதில்லை. கையை உதாரணமாகக் காட்டுவதே பொருந்தாது, அது ஆன்மாவின் நேரடிச் செயலல்ல.

கான்ட்டின் அகப்புலன் வாதம் படிமம் வழியே வரும் அறிவுக்குத்தான் பொருந்தும். சுஹ்ரவர்தியின் பழைய வாதம் இங்கே முக்கியம்: என்னை ஒரு படிமத்தின் வழியே அறிந்தால் அந்தப் படிமம் எனக்கு 'அது' ஆகும், 'நான்' ஆகாது. விமர்சனத்தின் 1787 பதிப்பில் கான்ட்டே இதை நெருங்கி வருகிறார். நான் தோன்றுகிறபடியும் அல்ல, என்னளவில் இருக்கிறபடியும் அல்ல, இருக்கிறேன் என்பதை மட்டும் உணர்கிறேன் என்கிறார். அந்த 'இருக்கிறேன்' எந்த வகை அறிவு?

சுவடி:
நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் அதே இடத்தில் கான்ட் அதைக் காட்சி என்று சொல்லவில்லை, நினைப்பு என்கிறார். சரி, நீங்கள் சொல்வதுபோல் அது முன்னிலை அறிவு என்றே வைத்துக்கொள்வோம். அதில் கிடைப்பது 'இருக்கிறேன்' என்பது மட்டுமே. அதிலிருந்து 'காரணம்' என்ற பொதுக்கருத்துக்கு, பிறகு தீக்கும் பஞ்சுக்கும், மனம் எந்த விதிப்படி போகிறது? முன்னிலை அறிவைக் கருத்தாக மாற்றும் ஆற்றல் ஒன்று உண்டு என்கிறார் தபாதபாயீ. அந்த மாற்றத்துக்கு விதி வேண்டும் என்றால், அனுபவத்துக்கு முன்பே மனம் தரும் கான்ட்டின் வகைமைகள் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகின்றன.

கலங்கரை:
காரியம் என்னை எப்படிச் சார்ந்து நிற்கிறதோ அதையே மனம் காண்கிறது, விதி எதையும் சேர்ப்பதில்லை என்பதே அவர்கள் பதில். என் விருப்பத்தைப் பொறுத்தவரை அது எனக்குப் போதும். தீக்கும் பஞ்சுக்கும் அதை நீட்டும் படிதான் நெருடுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

தாழை:
அந்தப் படியை வேறொரு வழியில் கடக்க முயன்றவர் கவிஞரும் மெய்யியலாளருமான முகம்மது இக்பால். 1929 ஜனவரியில் சென்னையில் நிகழ்த்திய உரைகளின் முதலாவதிலேயே கான்ட்டையும் இடைக்கால இஸ்லாமிய மெய்யியலாளர் கஸ்ஸாலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். 1934 பதிப்பில் சேர்த்த ஏழாவது உரையில், இயல்பான அனுபவத்தைத் தவிர வேறு அனுபவம் இல்லை என்று முன்கூட்டியே முடிவுகட்டினால்தான் கான்ட்டின் தீர்ப்பு நிற்கும் என்கிறார். முல்லா சத்ராவின் கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் சொன்னது அது. தபாதபாயீயின் ஐந்தாவது கட்டுரையோடு சேர்த்து அதையும் வரி வரியாகப் படிக்கலாம், யார் தொடங்குகிறீர்கள்?