ஆலன் கீயும் தூரிகையும்: கிடாரிஸ்ட் எதிலெல்லாம் கை வைக்கலாம்?

ஆறாம்கம்பி எழுதியது:

போன வாரம் இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மழை ஆரம்பிச்சதிலிருந்து அக்கூஸ்டிக்ல கம்பி ரொம்ப உயரமா நிக்குது, பார் கார்டு (ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்துறது) பிடிக்க முடியல, என்ன பண்ணலாம்?" வந்த பதில் எல்லாம் ஒரே மாதிரி. கடையில் கொடு, நீ வாசிக்கிற வேலையைப் பார். ஓய்வு நேரத்தில் படம் வரைவேன் என்று அவர் சொன்னதற்கும், அதை விட்டால் ஸ்கேல் (சுர வரிசைப் பயிற்சி) தானாக வரும் என்று ஒரு குட்டு விழுந்தது. இரண்டுமே தப்பான யோசனை என்பது என் கட்சி. அதனால்தான் தனித் திரி.

மரம் ஈரத்தைக் குடிக்கும். காற்றில் ஈரப்பதம் ஏறினால் மேல்பலகை உப்பி, கம்பிகள் கட்டியிருக்கும் ப்ரிட்ஜைத் தூக்கிவிடும், கம்பி உயரும். அதே கிடாரை ஏசி அறையிலேயே வைத்திருந்தால் பலகை வற்றி இறங்கி, கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டில்) உரசும். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம்தான் கிடாருக்கு நல்லது என்பார்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் அதற்கு எங்கே போவது? பருவம் மாறும்போதெல்லாம் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட எத்தனை பேரால் முடியும்?

குயின் குழுவின் பிரையன் மேயை எல்லாருக்கும் தெரியும். 1963இல், பள்ளியில் படிக்கும்போதே, அப்பா ஹரால்டுடன் சேர்ந்து தன் கிடாரைச் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். ட்ரெமோலோவுக்கு (கம்பிகளைத் தளர்த்திச் சுரத்தை நெளிக்கும் அமைப்பு) பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்ப்ரிங். மெட்டுப்பலகையின் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அவர் வாழ்க்கை முழுக்க வாசித்தது அதைத்தான். 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். முப்பரிமாணப் புகைப்படத்தில் அவருக்கு உள்ள ஈடுபாடும் ஊரறிந்தது. இதில் எது அவர் வாசிப்பைக் கெடுத்தது?

சுருதிசுத்தம் எழுதியது:

நான் கிடார் சொல்லிக்கொடுப்பவன். தினமும் பிள்ளைகளோடு இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரையன் மேயை உதாரணம் காட்டாதீர்கள். அவர் அப்பா எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர், வீட்டில் பட்டறை வசதி இருந்தது. இங்கே ஒரு பையன் வீடியோ பார்த்துவிட்டு, கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை முறுக்குகிறான். அளவு சேராத ஆலன் கீ (அறுகோண முறுக்குச் சாவி), ராடின் திருகு முனை மழுங்கிப்போகிறது. அதன் பிறகு கழுத்தையே மாற்ற வேண்டிய நிலை. புதுக் கிடார் வாங்க அந்த வீட்டில் பணம் இல்லை.

பெரிய கலைஞர்களே இதைத் தெரிந்தவர் கையில்தான் விட்டிருக்கிறார்கள். அமெரிக்க ப்ளூஸ் கிடாரிஸ்ட் ஸ்டீவி ரே வானின் கிடார்களைப் பார்த்துக்கொண்டவர் ரெனே மார்டினெஸ். நம் ஊருக்கு வாருங்கள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்தவர் பர்லாந்து. எந்த நாதம் வேண்டும் என்று மணி ஐயர் சொல்வார், அது வரும்வரை பர்லாந்து உழைப்பார். தோலைத் தேர்ந்தெடுப்பதும் மூட்டு (வாயில் போர்த்தும் தோல்) கட்டுவதும் ஒரு ஆயுள் படிப்பு. அதை வாசிப்பவர் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பது அந்தக் கைவினைஞருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

ஓவியமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் அதை இரண்டாகப் பிளந்தால் இரண்டும் அரைகுறை.

பட்டறை அண்ணாச்சி எழுதியது:

நான் கிடார் சர்வீஸ் பண்றவன். செட்டப் (கம்பி உயரம், சுருதி எல்லாம் கைக்கு ஏத்தபடி அமைக்கிறது) எனக்குச் சோறு போடுது. இருந்தாலும் வாத்தியார் சொல்றதுல பாதிதான் எனக்கு ஒப்பும்.

கம்பி மாத்துறது, ட்யூன் பண்ணி கழுத்து வளைவு பார்க்குறது, ஆக்‌ஷன் (கம்பியோட உயரம்), இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சேர்றது). எலக்ட்ரிக்ல இந்த நாலும் வாசிக்கிறவங்க கைக்குள்ள இருக்கணும். முதல் ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற க்ளிப்) போடுங்க. கடைசி ஃப்ரெட்ல ஆறாவது கம்பியை அழுத்துங்க. எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா வளைவு சரி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) எந்த ஆட்டோமொபைல் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். இடைவெளி அதிகமா இருந்தா ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று. அதுக்கு மேல ஒரே தடவைல போகக்கூடாது. திரும்ப ட்யூன் பண்ணி அளந்து பாருங்க. பொருந்துற கீ கையில இல்லேன்னா தொடவே வேணாம், இதுல வாத்தியார் சொன்னதுதான் சரி.

அடுத்து பன்னிரண்டாவது ஃப்ரெட்ல கம்பியோட உயரம். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரி எலக்ட்ரிக் கிடார்னா 1.6 மி.மீ. பக்கத்துல வச்சு ஆரம்பிங்க. பலமா அடிக்கிற கைன்னா கூட்டிக்கலாம். கடைசியா, அதே ஃப்ரெட்ல ஹார்மோனிக்கையும் (அழுத்தாம மெல்லத் தொட்டு எழுப்புற சுரம்) அழுத்தின சுரத்தையும் ஒப்பிட்டுக் கேளுங்க. அழுத்தினது ஏறிப் பேசினா சாடிலை (ப்ரிட்ஜ்ல கம்பியைத் தாங்குற துண்டு) பின்னாடி தள்ளணும். வரிசை மாறுச்சுன்னா செய்ததையே திரும்பச் செய்யணும்.

ஃப்ரெட் தேய்ச்சு சமப்படுத்துறது, புது நட் (கழுத்து நுனில கம்பி உட்கார்ற பள்ளம் உள்ள துண்டு) வெட்டுறது, ப்ரிட்ஜ் பெயர்ந்தா ஒட்டுறது, இதெல்லாம் எங்ககிட்ட விடுங்க. நட்ல பள்ளம் ஒரு இழை கூடுதலா இறங்கினாலும் வெறுங்கம்பி உரசும்.

இன்னொண்ணு. "ஏதோ சரியில்லண்ணே"ன்னு கொடுத்துட்டுப் போறவருக்கு நான் ஊகத்துல வேலை பார்க்கிறேன். "மூணாவது கம்பி ஏழாவது ஃப்ரெட்ல உரசுது, நான் பதினொண்ணு தடிமன் கம்பிக்கு மாறினேன்"னு சொல்றவருக்கு அவர் கைக்கு ஏத்த மாதிரி செய்றேன். தானே அளந்து பழகினவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

சுருதிசுத்தம்:

அண்ணாச்சி, காதால் கேட்டே அதைச் சொல்லலாமே. ஏழாவது ஃப்ரெட்டில் உரசுவதைக் கண்டுபிடிக்க ஃபீலர் கேஜ் எதற்கு? கேட்கத் தெரிய வேண்டும், அதுவும் பயிற்சியில்தான் வரும். வீணை வாசிப்பவர் மெழுகு தளர்ந்தால் 24 மெட்டுகளையும் மறுபடி பதிக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கிறார். அதனால் வீணை இசை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆறாம்கம்பி:

மிருதங்கத்தை நீங்கள்தான் இழுத்தீர்கள், அதனால் கேட்கிறேன். மேடையில் கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டிச் சுருதி சேர்ப்பது யார்? இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவை பிசைந்து ஒட்டி, அளவு பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுப்பது யார்? வாசிப்பவர்தானே. கிடாரில் செட்டப் என்பது அந்த அளவு வேலை. மூட்டு கட்டுவதோடு ஒப்பிட வேண்டியது ஃப்ரெட் மாற்றுவதை. அதைக் கைவினைஞரிடம் விடுவதில் எனக்கும் மறுப்பில்லை.

ராக் கிடாரிஸ்ட் எட்டி வான் ஹேலனுக்கு வேண்டிய கிடார் அன்று கடையில் இல்லை. ஸ்ட்ராட் வடிவ உடம்பில் கிப்சன் கிடாரின் ஹம்பக்கர் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) அவரே பொருத்தினார். சத்தம் கூட்டினால் பிக்கப் கீச்சிடுகிறது என்று மெழுகில் முக்கியெடுத்தார். 1978இல் உலகம் கேட்ட அந்த ஓசையை அவர் யாரிடம் போய், எப்படி விளக்கிச் சொல்லியிருப்பார்?

வண்ணக்குழம்பு எழுதியது:

ஓவியத்தை எல்லாரும் ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். நான் இரண்டும் செய்பவள், அதனால் இந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கனடியப் பாடகி ஜோனி மிட்செல் ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969இல் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அவரே வரைந்த தன்னுருவம். ஒன்பது வயதில் போலியோ வந்து இடக்கை பலம் குறைந்ததால், வழக்கமான கார்டுகளை விட்டுக் கம்பிகளைத் தன் கைக்கு ஏற்றபடி வேறு சுருதிகளில் கூட்டிக்கொண்டார். சுருதியைத் தளர்த்தினால் கழுத்தின் மேல் உள்ள இழுவிசை மாறும், இன்டோனேஷன் மாறும். அவர் பாட்டில் வேறு யார் வாசிப்பிலும் கேட்டிராத கார்டுகள் வருவது அந்தச் சுருதிகளால்தான். வாத்தியத்தின் அமைப்பில் கை வைத்த ஓவியர் அவர்.

நம் வீணை எஸ். பாலச்சந்தர்? 1954இல் பாட்டே இல்லாமல் "அந்த நாள்" எடுத்தவர். பத்து வருஷம் கழித்து "பொம்மை". அந்த வருஷங்களில் வீணையை விட்டுவிட்டாரா என்ன?

எனக்குப் படம் வரைவதால் கிடைத்தது ஒன்றுதான், ஆனால் பெரிது. பென்சில் கோட்டை அழித்து அழித்துப் போடும்போது, எதை வரையாமல் விடலாம் என்பது பிடிபடுகிறது. அதன் பிறகு சோலோவில் இடைவெளி விடப் பயம் போய்விட்டது. மெட்ரோனோம் (தாளக் கருவி) எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

சுருதிசுத்தம்:

அம்மா, பாலச்சந்தர் சிறுவயதிலேயே பல வாத்தியம் கைவந்தவர். அடித்தளம் இருந்தது, அதன் மேல் கட்டினார். நான் பேசுவது பார் கார்டு இன்னும் பிடிபடாத பிள்ளையைப் பற்றி. அவனுக்கு முதலில் ஒன்று நிற்கட்டும். இதில் நான் மாறப்போவதில்லை.

வண்ணக்குழம்பு:

அவருக்கு பார் கார்டு பிடிபடாதது கம்பி உயரத்தால், சார். படம் வரைவதால் இல்லை. அதைச் சரிசெய்யாமல் பயிற்சி செய்யச் சொன்னால் மணிக்கட்டுதான் போகும்.

பட்டறை அண்ணாச்சி:

கேள்வி கேட்ட தம்பி இன்னும் இங்க இருந்தா ஒரு விஷயம். உங்களுது அக்கூஸ்டிக், மழையில ஏறினது. முதல்ல ட்ரஸ் ராட் பக்கம் போகாதீங்க. ஒரு அடிக்கோலை மேல்பலகைல ப்ரிட்ஜுக்குப் பின்னால குறுக்கா வச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் நல்லா தூக்கிட்டு நின்னா பலகை உப்பியிருக்கு. கேஸ்ல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைங்க, கொஞ்ச நாள்ல இறங்குதான்னு கவனிங்க. சாடிலை அவசரப்பட்டுத் தேய்ச்சிட்டா கோடைல கம்பி உரசும், அப்புறம் புது சாடில்தான். ப்ரிட்ஜோட பின்விளிம்புல காகிதம் நுழையுற அளவு விரிசல் தெரிஞ்சா மட்டும் கம்பியைத் தளர்த்திட்டு உடனே பக்கத்துல தெரிஞ்சவர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.