கையால் சுண்டினால்தான் ஓடும் பழைய மோட்டார்: காயில் போய்விட்டதா?

கேள்வி (கடலூர்):
புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் வாங்கினேன். 1440 ஆர்.பி.எம்., கப்பாசிட்டர் ஸ்டார்ட். வீட்டில் சின்னதாக மரக்கடைசல் போட ஆசை. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. ஷாஃப்டைக் கையால் சுண்டிவிட்டால் சுண்டிய பக்கமே ஓடுகிறது. கப்பாசிட்டர் மாற்றியும் அப்படியேதான். வைண்டிங் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) புதிதாகக் கட்டணும் என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

பதில் (முதுநகர்):
அவசரப்படாதீர்கள் தம்பி. சுண்டினால் இரண்டு பக்கமும் ஓடுகிறது என்றால் ரன்னிங் காயில் உயிரோடு இருக்கிறது. மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்டிங் லைனில்தான் எங்கோ கட். கப்பாசிட்டர் புதுசு, அப்புறம் மிச்சம் சென்ட்ரிபியூகல் சுவிட்சும் (வேகம் பிடித்ததும் ஸ்டார்டிங் காயிலைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஸ்டார்டிங் காயிலும். என் சந்தேகம் சுவிட்ச் மேல்தான். மோட்டார் நிற்கும்போது அதன் பாயின்ட் (தொடுமுனை) ஒட்டியிருக்க வேண்டும். முக்கால்வாசி வேகம் வந்ததும் விலக வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் பாயின்ட் பச்சை பூத்துப் போகும். பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டரை ஒரு குண்டு பல்பு வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். உறுமவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், நல்ல காயிலும் கருகிவிடும்.

பதில் (தட்டாஞ்சாவடி):
திறந்ததும் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்து காயிலுக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரமாக இருக்கலாம். ரோட்டரை எடுத்துவிட்டு உள்ளே 100 வாட்ஸ் குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைத்து, மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால்தான் வைண்டிங் பேச்சு. பாடிக்கு எர்த் கொடுக்காமல் ஓட்டவே கூடாது. பெல்ட் மாட்டிய பிறகு கையால் சுண்டும் வேலையும் வேண்டாம், விரல் போய்விடும்.

கேட்டவர்:
அண்ணே, சொன்னபடியே பாயின்ட் முழுக்கப் பச்சை. ஜீரோ நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். மெக்கரும் நன்றாகவே காட்டியது. இப்போது தானாகக் கிளம்புகிறது, வேகம் பிடித்ததும் டக் என்று சத்தம் வருகிறது. ஆனால் பேரிங் கீச்சிடுகிறது. கடைசலுக்குத் தேவையான பக்கத்துக்கு நேர் எதிராகச் சுற்றுகிறது.

பதில் (முதுநகர்):
அந்த டக்தான் சுவிட்ச் விலகும் சத்தம், சரி. பேரிங் வளையத்தில் நம்பர் குத்தியிருக்கும். அதே நம்பரில் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாக வாங்குங்கள், மரத்தூள் ஏறாது. ஷாஃப்டில் இறக்கும்போது உள்வளையத்தில் மட்டும் பைப் வைத்துத் தட்டவும். திசை மாற பிளக் ஒயரை மாற்றிப் பயனில்லை. ஸ்டார்டிங் காயிலின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்ற வேண்டும். டெர்மினல் பாக்ஸில் நாலு ஒயர் வந்திருந்தால் மறுபடி மூடியைக் கழற்ற வேண்டியதே இல்லை.