மறுமொழி: உலோகத்தின் 'ஹார்ட்னஸ்': கடினத்தன்மையா, வன்மையா?

அவையோர்க்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஹார்ட்னஸ்', அதாவது கீறலுக்கோ அழுத்தத்துக்கோ இடங்கொடாத தன்மை, என்பதற்குத் தமிழ்ச்சொல்லை முடிவுசெய்வதை இனியும் தள்ளிப்போட இயலாது. 'கடினம்' வடசொல்லா, 'கடு' என்னும் வேரில் கிளைத்ததா என்று பேராசிரியர் ஐயா மூன்று மடல்களில் ஆராய்ந்தார். 'கடினத்தன்மை'யின்மீது என் தடை அதைப் பற்றியதன்று. கரும்பலகையில் 'கடினச் சோதனை' என்று நான் எழுதியபோது, முதல் வரிசை மாணவர் ஒருவர், "எந்தப் பாடத்துக்கு ஐயா?" என்று கலங்கிப்போய்க் கேட்டார். கடினம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது சிரமமே. வல்லினமும் மெல்லினமும் படித்தவர்க்கு வன்மையின் எதிர்ச்சொல் மென்மை என்பதை விளக்க வேண்டியதில்லை.

தவிர, ஹார்ட்னஸ் அளவுகோல்கள் எல்லாம் ஒன்றையே அளப்பதில்லை. 1812இல் கனிமவியலாளர் மோஸ் வகுத்தது, எக்கனிமம் எதைக் கீறும் என்னும் வரிசை மட்டுமே. பொறியாளர் பிரினெல் 1900இல் காட்டிய முறையில், 10 மி.மீ. குண்டை 3000 கிலோ சுமையில் எஃகின்மீது அழுத்தி, விழுந்த குழியின் விட்டத்தை அளக்கிறோம். ராக்வெல் 'சி' அளவுகோல் ஆழத்தைப் பார்க்கிறது: 10 கிலோ முன்சுமையில் (முதலில் வைக்கும் சிறு சுமையில்) நிற்கும் வைரக்கூம்பின்மேல் சுமையை 150 கிலோவாக உயர்த்தி, மீண்டும் முன்சுமைக்கே இறக்கிய பிறகு கருவியின் முள் 60இல் நின்றால், கூம்பு 0.08 மி.மீ. கூடுதலாக இறங்கியிருக்கிறது என்று பொருள். ஆகவே முதலாவதைக் 'கீறல்வன்மை' என்றும் ஏனைய இரண்டையும் 'குழிவன்மை' என்றும் பிரிக்க முன்மொழிகிறேன்.

---

ஐயா, 'கீறல்', 'குழி' என்னும் பிரிப்பை மனமார ஏற்கிறேன். வன்மையை ஏற்க இயலவில்லை. வன்மை, வலிமை இரண்டும் 'வல்' என்னும் ஒரே வேரின. அடுத்த பாடமே இழுவலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் வலிமை. கண்ணாடித் துண்டு மென்னிரும்பைக் கீறும்; கைதவறிக் கீழே விழுந்தால் சிதறும். இதை "வன்மை மிகுதி, வலிமை குறைவு" என்று எழுதினால் மாணவர் எதைப் பற்றிக்கொள்வார்? வள்ளுவரின் 65ஆம் அதிகாரமான சொல்வன்மையிலும் வன்மை என்பது ஆற்றலே. பட்டறையில் "எத்தனை ஹார்ட்னஸ் வந்தது?" என்று கேட்பவர்க்குக் கடினத்தன்மையாவது பாடநூல்வழி காதில் விழுந்திருக்கும்.

---

பெரும்பாலோர் விருப்பப்படி 'கடினத்தன்மை' என்றே அனுப்புகிறேன். 'கடினச் சோதனை' வரும் இடங்களையெல்லாம் 'கடினத்தன்மைச் சோதனை' என்று திருத்திவிட்டேன். கீறல்கடினம், குழிகடினம் என்னும் பிரிவுகள் உள்ளன. சொற்பட்டியலில் மட்டும் வன்மையை மாற்றுச்சொல்லாகச் சேர்த்திருக்கிறேன். என் மாறுபாடு மாறவில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.