கலைச்சொல் வேண்டும்: ‘ஃப்ரீ ஏஜென்ட்’ – கட்டற்றவரா, கட்டு நீங்கியவரா?

> மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ‘இலவச முகவர்’ என்று வருகிறது. யுவான் சோட்டோ என்ற இலவச முகவரை நியூயார்க் மெட்ஸ் 765 மில்லியன் டாலருக்கு எடுத்ததாம். இலவசமே இந்த விலை என்றால் காசுக்கு வாங்குவது என்ன ஆகும்?

தம்பி, இதை வாசித்துவிட்டு பஸ்ஸுக்குள் சிரித்ததில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பேஸ்போலில் கழகத்துக்குத் தன்மேல் இருந்த உரிமை முடிந்து, விரும்பிய கழகத்தோடு ஒப்பந்தம் பேசக்கூடிய வீரர்தான் ‘ஃப்ரீ ஏஜென்ட்’. ‘இலவச’த்தோடு தமிழ்க் கணிமைக்காரருக்குப் பழைய பகை. ‘கட்டற்ற’, ‘தளையறு’ என்றெல்லாம் சொல் உண்டாக்கித்தான் மென்பொருளை அதனிடமிருந்து காப்பாற்றினார்கள். ‘முகவர்’ அதைவிட மோசம். சோட்டோவுக்கு உண்மையிலேயே ஒரு முகவர் இருக்கிறார், ஸ்கொட் போராஸ். ‘இலவச முகவரின் முகவர்’ என்று எழுதிவிட்டு அந்த வசனத்தை எப்படி முடிப்பது?

> மென்பொருளுக்கு வைத்ததையே வைப்போமே: ‘கட்டற்ற ஆட்டக்காரர்’.

கோவை ஐயா, மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். கட்டற்ற மென்பொருள் பிறக்கும்போதே கட்டில்லாமல் பிறக்கிறது, கடைசிவரை அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் கொள்கை. பேஸ்போல் வீரர் அப்படியல்ல. முதலில் கட்டுண்டு கிடக்கிறார். எண்ணி வைத்த ஒரு நாளில் கட்டு நீங்குகிறது. சில வாரங்களில் கையெழுத்துப் போட்டு இன்னொரு கட்டுக்குள் தானே போகிறார். ‘அற்ற’ என்பது நிலை. நமக்கு வேண்டியது நடந்ததைச் சொல்லும் சொல்.

(பேஸ்போல் என்றே எழுதுகிறேன். ‘அடிபந்தாட்டம்’ என்று எழுதுபவர்களோடு வழக்கில்லை. ஸ்காபரோவில் என் வீட்டில் அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது, அவ்வளவுதான்.)

அந்த நாள் எப்படி வருகிறது என்பதற்குள்தான் சொல் ஒளிந்திருக்கிறது. 1975 வரை அது வரவே வராது. ஒப்பந்தம் முடிந்தாலும் அடுத்த ஆண்டுக்கும் வீரரைத் தன்னிடமே நிறுத்திவைக்கும் உரிமை கழகத்துக்கு இருந்தது. அதற்கடுத்த ஆண்டும் அதே உரிமை. 1969 இல் சென். லூயிஸ் கார்டினல்ஸ் கழகம் கேர்ட் ஃபிளட் என்ற வீரரைப் பிலடெல்பியாக் கழகத்துக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். என் விருப்பம் கேளாமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்தல்ல என்று பேஸ்போல் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் வரை போய் 1972 இல் தோற்றார். பிறகு 1975 டிசம்பர் 23 அன்று, அன்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னலி என்ற இரண்டு எறிவீரர்களின் வழக்கில் பிணக்குத் தீர்க்கும் நடுவர் (ஆட்ட நடுவர் அல்ல) பீற்றர் சைற்ஸ், அந்த உரிமை ஓர் ஆண்டுக்குத்தான், அதற்குமேல் இல்லை என்று தீர்த்தார். அதற்குப் பின் கழகங்களும் வீரர் சங்கமும் இருந்து பேசி வந்த எண்தான் இன்றைய ஆறு ஆண்டுச் சேவை.

சேவைக் கணக்கில் ஓர் ஆண்டு என்றால் 172 நாள். இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 2015 இல் சிக்காகோ கப்ஸ் கிறிஸ் பிரையன்றை ஏப்ரல் நடுப்பகுதி வரை மைனர் லீக் என்ற கீழ்மட்டப் போட்டியிலேயே வைத்திருந்தது. தடுப்பாட்டம் தேற வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 17 அன்று மேலே கொண்டுவந்தார்கள். பருவம் முடிய அவர் கணக்கில் 171 நாள். அந்த ஒரு நாளால் 2020 முடிவில் நீங்கியிருக்க வேண்டிய கட்டு 2021 முடிவில்தான் நீங்கியது. முறையிட்டுப் பார்த்தார், தோற்றார்.

ஆகவே ஒரு படி பின்னால் போவோம் என்கிறேன். ‘ஃப்ரீ ஏஜென்ட்’ கிளைதான். வேர், இங்கே வர்ணனையாளரில் இருந்து என் மகன் வரை எல்லார் வாயிலும் கிடக்கும் ‘கொன்ட்ரோல்’, வீரர்மேல் கழகத்துக்கு இருக்கும் உரிமை. “அவருக்கு இன்னும் ரெண்டு வருசக் கொன்ட்ரோல் இருக்கு அப்பா, சும்மா குடுக்க மாட்டாங்கள்” என்பான். வீரர் மாற்றத்தில் விலைபோவது ஆள் இல்லை, அந்த மிச்ச வருசம்.

சோட்டோவையே எடுங்கள். 2022 ஓகஸ்டில் அவருக்கு வயது 23, கட்டு நீங்க இரண்டு பருவமும் கொஞ்சமும் இருந்தது. வொஷிங்டன் அவரையும் ஜொஷ் பெல்லையும் சான் டியேகோவுக்குக் கொடுத்து ஆறு பேரை வாங்கியது. அதில் சி. ஜே. ஏப்ரம்ஸ், மக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட் மூவருமே பின்னர் சிறந்த வீரர்கள் ஆடும் ஓல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். 2023 டிசம்பரில் மிச்சம் ஒரே ஒரு பருவம். அதற்கும் சம்பளம் 31 மில்லியன் டொலர் ஆனது. சான் டியேகோ அவரையும் ட்ரென்ற் கிறிஷமையும் யாங்கீஸுக்குக் கொடுத்து ஐந்து பேரை எடுத்தது. மைக்கல் கிங்கும் இளம் எறிவீரர் ட்ரூ தோர்ப்பும்தான் அதில் சரக்கு. (பாவம் தோர்ப், பெட்டியைப் பிரிக்குமுன்பே, அடுத்த மார்ச்சில், டிலன் சீஸுக்கான மாற்றத்தில் சிக்காகோ வைற் சொக்ஸுக்குப் போய்விட்டார்.) 2024 முடிவில் கட்டு நீங்கியது. மெட்ஸ் யாங்கீஸுக்கு ஓர் ஆளைக்கூடக் கொடுக்கத் தேவையில்லை. 15 ஆண்டு, 765 மில்லியன் டொலர். யாங்கீஸுக்கு ஆறுதலாக, கழகங்கள் புதிய இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில் ஒரு கூடுதல் இடம்.

முதல் இரண்டு விலையும் கழகங்களுக்குப் போனது. மூன்றாவதுதான் ஆளுக்குப் போனது. இந்த வித்தியாசத்தைக் காட்டாத சொல் எனக்கு வேண்டாம்.

குளிர்காலம் முழுக்க இங்கே ஆட்களுக்கு இந்தக் கணக்குத்தான் பொழுது. கட்டு நீங்கியவர்களின் சந்தையில் ஒருவர் அணிக்குக் கூட்டித்தரும் ஒவ்வொரு வெற்றிக்கும் 8 மில்லியன் டொலர் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். ஆண்டுக்கு நாலு வெற்றி கூட்டித்தரும் பெடியன் ஒருவன் குறைந்தபட்சச் சம்பளத்தில், 2025 இல் என்றால் 760,000 டொலரில், ஆடுகிறான். 32 மில்லியன் பெறுமதி, ஒரு மில்லியனுக்கும் குறைந்த செலவு. அந்த மிகுதியை மிச்சக் கட்டாண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால் அவனுக்கு ஈடாக என்ன கேட்கலாம் என்று தெரியும். மூன்று ஆண்டு போனபின் சம்பளம் நடுவர் முன் போய் ஏறும், மிகுதி சுருங்கும். அதனால்தான் கடைசி ஆண்டில் நிற்பவரை அவசரமாகத் தள்ளுகிறார்கள்.

நாலு வெற்றி எதைவிடக் கூட என்று கேட்பீர்கள். குறைந்த சம்பளத்துக்கு எந்த நேரமும் பிடித்துப் போடக்கூடிய ஆளைவிட. அப்படிப்பட்டவர்களை மட்டும் வைத்து ஓர் அணி கட்டினால் 162 ஆட்டத்தில் 48 அளவில் வெல்லும் என்பது கணக்கு. இதை ‘மாற்று ஆட்டக்காரர்’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், அது காயப்பட்டவருக்குப் பதிலாக இறங்குபவர். ஆலையில்லா ஊரின் இலுப்பைப்பூ இவர். ‘இலுப்பைப்பூ மட்டம்’ என்று முன்மொழிந்தால் ஐயா தடி எடுப்பார் என்பதால் வேறு மடலுக்கு விடுகிறேன்.

வேருக்கு வருவோம். ‘கட்டுப்பாடு’ ஆகாது. எறிவீரர் பந்தை நினைத்த இடத்தில் போடும் திறமைக்கும் இதே ‘கொன்ட்ரோல்’தான் சொல். ‘கட்டுப்பாடு குறைந்த எறிவீரர்’ என்றால் எதை நினைப்பது?

> ‘பிடி’ எப்படி? பிடிக்காலம், பிடி தளர்ந்தவர்...

தம்பி, உங்களுக்குக் கேட்ச் கேட்ச்தான். நாங்கள் ‘பிடியெடுப்பு’ என்று வாசித்து வளர்ந்தவர்கள். ‘பிடி தளர்ந்தவர்’ என்றால் எனக்குப் பந்தைத் தவறவிட்டவர்.

ஒரு கட்டத்தில் ‘ஒற்றி’யில் எனக்கே ஆசை வந்தது. யாழ்ப்பாணத்தில் காணியை ஒற்றிக்குப் பிடித்தவர் வட்டிக்குப் பதில் விளைச்சலை எடுப்பார், நிலம் அவருடையதாகாது. கழகம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒற்றி மீள்வது கடனைக் கொடுத்தால், நாள் போனதால் அல்ல. அதோடு மனிதரைக் காணியாக்குகிற சொல். ஃபிளட் கடிதம் எழுதியது இதற்கு எதிராகத்தானே.

மிஞ்சுவது ‘கட்டு’. கட்டுக்காலம், கட்டாண்டு, மிச்சக்கட்டு, கட்டு நீங்கியவர். ஐயாவின் ‘கட்டற்ற’வுக்கும் இது சொந்தக்காரன்தான். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து.

———

அண்ணா, வணக்கம்.

‘பிடி’ போனதில் வருத்தமில்லை. ஆனால் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிட்சரைப் பற்றி ‘நவம்பரில் கட்டு நீங்கியது’ என்று எழுதினால் எங்கள் ஊரில் மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது என்றுதான் படிப்பார்கள்.

இன்னொன்று. ஐபிஎல் செய்திகளில் ‘விடுவிப்பு’, ‘தக்கவைப்பு’ இரண்டும் ஏற்கெனவே ஓடுகிறது. ‘விடுவிக்கப்பட்ட வீரர்’ என்று வைத்தால் கற்றுக்கொடுக்கவே வேண்டாமே?

———

தம்பி,

மாவுக்கட்டுக்கு நான் தோற்றேன். எறிவீரர்களில் பலபேர் முழங்கையை வெட்டிக்கொண்டவர்கள், குழப்பம் வரத்தான் செய்யும். முதல் தடவை ‘கட்டுக்காலம் நீங்கியவர்’ என்று முழுதாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்கலாம்.

‘விடுவிப்பு’க்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேஸ்போலிலும் விடுவிப்பு இருக்கிறது, அது வேண்டாம் என்று கழகம் அனுப்புவது. அது பிறவினை. ஆறு ஆண்டு ஆடி முடித்தவரை யாரும் விடுவிக்கவில்லை, அவர் விடுபடுகிறார். சோட்டோவை ‘விடுவிக்கப்பட்டவர்’ என்று போட்டால் யாங்கீஸ் துரத்திவிட்டது போல் இருக்கும். அவர்கள் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள்! சரி, ‘விடுபட்டவர்’ என்று வைப்போம் என்றால் வாக்காளர் பட்டியல் நினைவு வருகிறது.

நேற்று இரவு சோதனைக்கு ஒரு வசனம் எழுதி மகனிடம் வாசித்துக் காட்டினேன்: ‘2025 முடிவில் கட்டுக்காலம் நீங்க இருந்த விளாடிமிர் கெரேரோ ஜூனியர், ஏப்ரலிலேயே 14 ஆண்டு, 500 மில்லியன் டொலருக்கு புளூ ஜேய்ஸோடு கட்டை நீட்டிக்கொண்டார்.’ தோசையில் இருந்து கண்ணை எடுக்காமல், “நீங்க இருந்ததா, நீங்கள் இருந்ததா?” என்றான். இடைவெளியையும் மெய்யையும் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. ‘நீங்கவிருந்த’ என்று சேர்த்து எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். ஐயா இலக்கணம் பார்த்துச் சொல்லட்டும்.

சொற்பட்டியலில் கட்டுக்காலம், மிச்சக்கட்டு, கட்டு நீங்கியவர் மூன்றையும் ஏற்றிவிட்டேன், பக்கத்தில் ‘விவாதத்தில்’ என்ற குறியோடு.

அடுத்ததற்கு இப்போதே யோசித்து வையுங்கள். மாற்றத்தில் சிலவேளை ஒரு பக்கம் ஆளைச் சொல்லாமல், ‘பெயர் பிறகு’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுவார்கள். இப்போதைய விதியில் ஆறு மாதத்துக்குள் ஆளைக் கொடுத்துவிட வேண்டும். 1962 ஏப்ரலில் கிளீவ்லண்ட், ஹரி சிற்றி என்ற பந்துகாப்பாளரை மெட்ஸுக்கு இப்படித்தான் கொடுத்தது. ஜூனில் மெட்ஸ் ஈடாக அனுப்பிய ஆள், அதே ஹரி சிற்றி.