சிவப்புப் புள்ளி மறைந்துவிட்டால் தீ அணைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மலைச்சரிவு:
மூன்று நாளாக, செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் தீயைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தம்பி குடும்பம் இருக்கும் பள்ளத்தாக்குக்கு மேலே காட்டுத்தீ. நேற்று மதியம் அந்தச் சரிவில் 14 சிவப்புப் புள்ளிகள் இருந்தன, சில ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இன்று காலை இன்றைய தேதியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. தீ அணைந்துவிட்டதா? நேற்று ஒரு புள்ளியைத் தட்டினேன், வெப்பநிலை 367 கெல்வின் என்று வந்தது. கணக்குப் போட்டால் 94 டிகிரி செல்சியஸ்தான். தண்ணீர் கொதிக்கவே போதாத சூட்டில் காடு எப்படி எரியும்? அப்புறம், செயற்கைக்கோள் படத்தில் புகைப்படலம் எங்கள் வீட்டுக்கு மேலேயே பழுப்பாகக் கிடக்கிறது, வெளியே வந்தால் வாடைகூட இல்லை. எதை நம்புவது என்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெப்பக்கண்:
முதலில் தம்பியிடம் பேசுங்கள், உள்ளூர் தீயணைப்புத் துறை என்ன சொல்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். வெளியேறுவதா இருப்பதா என்பதை இந்தப் புள்ளிகளை வைத்து யாருமே முடிவு செய்யக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தத் தகவல் பெரும்பாலும் விர்ஸ் என்ற கருவியிலிருந்து வருகிறது. சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 என்று மூன்று செயற்கைக்கோள்களில் அது இருக்கிறது, மூன்றுமே ஒரு இடத்தை மதியம் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு தடவையும் நள்ளிரவு தாண்டி ஒன்றரையை ஒட்டி ஒரு தடவையும்தான் கடக்கின்றன. நடுவில் இருக்கும் மணிக்கணக்கான நேரத்தில் தீ எங்கே ஓடியது என்று அவற்றுக்குத் தெரியாது. ராத்திரி கடந்தபோது சரிவின்மேல் மேகம் நின்றிருந்தால் போச்சு, கீழே எவ்வளவு எரிந்தாலும் வரைபடம் வெறுமையாகத்தான் இருக்கும். புகை அந்த அளவுக்கு மறைக்காது, தீயைத் தேடும் அகச்சிவப்பு அலைநீளம் பெரும்பாலும் புகையைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று, அதில் வரும் தேதியும் நேரமும் உலகப் பொது நேரம். உங்கள் ஊர்க் காலை அந்தக் கணக்கில் நாளின் தொடக்கமாகவே இருக்கலாம், 'இன்று' என்று வைத்ததால் ராத்திரி எடுத்தது விடுபட்டிருக்கும். கடைசி 24 மணி நேரம் என்று மாற்றிப் பாருங்கள்.

14 புள்ளி என்றால் 14 தீ என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் 375 மீட்டர் சதுரம் ஒன்றின் நடுமையம், அவ்வளவுதான். அந்தச் சதுரத்துக்குள் தீ எந்த மூலையில் என்று அது சொல்லாது, சதுரம் முழுக்க எரிகிறது என்றும் பொருளில்லை. மோடிஸ் என்ற இன்னொரு கருவியின் புள்ளியானால் சதுரமே ஒரு கிலோமீட்டர், கருவி ஓரமாகப் பார்க்கும்போது இன்னும் விரிந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்து வந்து ஒரே தீயைப் பார்த்திருந்தால் நீங்கள் சொல்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் கிடக்கும்.

367 கெல்வின் பற்றி நீங்கள் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. அது தீச்சுடரின் சூடு கிடையாது. எரியும் இடம், எரியாத பாறை, பச்சை மரம் எல்லாவற்றையும் சேர்த்து அந்தச் சதுரம் மொத்தமாக எப்படித் தெரிகிறது என்பதன் அளவு. அதோடு விர்ஸின் அந்த அலைவரிசை 367க்கு மேல் அளக்காது, அங்கேயே முட்டி நின்றுவிடும். அதனால் 367 என்று பார்த்தால் நான் பயப்படத்தான் செய்வேன். தீயின் வீரியம் தெரிய வேண்டுமானால் அதே பெட்டியில் எஃப்.ஆர்.பி. என்று மெகாவாட்டில் ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள்.

புகைத்தடம்:
புகைக்கு நான் சொல்கிறேன். மேலிருந்து எடுக்கும் படம் தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தக் காற்றையும் ஒரே தாளில் அமுக்கிக் காட்டுகிறது. புகை நாலைந்து கிலோமீட்டர் உயரத்தில் போனாலும் உங்கள் வாசலில் நின்றாலும் படத்தில் ஒரே பழுப்புதான். 2023 ஜூன் 7 அன்று கனடாக் காட்டுத்தீயின் புகை நியூயார்க்கில் தரைக்கே இறங்கிப் பகல் வானம் ஆரஞ்சாகிவிட்டது. அதே மாதக் கடைசியில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போன புகை பெரும்பாலும் உயரத்திலேயே மிதந்தது. படத்தில் இரண்டு இடத்திலும் புகை இருந்தது, மூச்சில் ஏறியது ஒரு இடத்தில்தான். ஆகவே மூச்சு விஷயத்துக்குப் படத்தை நம்பாமல் பக்கத்தில் இருக்கும் காற்றுத்தர நிலையத்தின் பி.எம். 2.5 அளவை, அதாவது காற்றில் உள்ள நுண்துகள்களின் அளவைப் பாருங்கள்.

எனக்கு உங்கள் வீட்டைவிடப் பள்ளத்தாக்குதான் கவலை. ராத்திரி குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும்போது புகையையும் இழுத்துக்கொண்டு வந்து அடியில் தேக்கிவிடும், காலை வெயில் ஏறும்வரை கலையாது. சாதாரணப் படம் பகலில்தான் எடுக்க முடியும் என்பதால் அந்த மோசமான நேரம் அதில் பதிவாகவே ஆகாது. தம்பி வீட்டில் குழந்தைகளோ வயசானவர்களோ இருந்தால் ராத்திரி ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லுங்கள்.

மலைச்சரிவு:
இரண்டு பேருக்கும் நன்றி. 24 மணி நேரம் என்று மாற்றியதும் ஆறு புள்ளிகள் வந்தன, எல்லாமே நள்ளிரவுக்குப் பிறகு எடுத்தவை. நேற்றைய இடத்திலிருந்து முகட்டுக்கு அந்தப் பக்கமாகத் தள்ளியிருக்கின்றன. எஃப்.ஆர்.பி. ஒன்றில் 4, இன்னொன்றில் 11. தம்பியிடம் பேசினேன், விடியற்காலையில் எதிர் வீடே தெரியவில்லையாம், இப்போதுதான் கலைகிறதாம்.

வெப்பக்கண்:
மதியத்தைவிட ராத்திரி வீரியம் குறைவாகத்தான் தெரியும், 4, 11 என்பதை வைத்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். இன்று மதியப் புள்ளிகள் ஏற மூன்று மணி நேரம்வரை ஆகலாம். வந்ததும் முகட்டுக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.