புதுப்பிப்பு: வேனில் டிவி தெளிவாக வந்துவிட்டது

போன வாரம் கானாடுகாத்தானிலிருந்து கேட்டிருந்தேன்: வீடாக மாற்றிய எங்கள் வேனில் டிடி ஃப்ரீ டிஷ் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, பக்கத்துப் பெரிய வீட்டுச் சுவர்தான் மறைக்கிறதா என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சுவர் இல்லை, புளியமரம்தான் காரணம்.

டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில். காரைக்குடிப் பக்கத்திலிருந்து தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 69 பாகை உயரத்தில் வரும். அவ்வளவு உச்சியில் இருப்பதால், சுவரின் உயரத்தில் பாதி தூரம் தள்ளி டிஷ்ஷை வைத்தாலே போதும். தலைக்கு மேல் நீளும் கிளைதான் ஆபத்து. எதிர்வீட்டு ஆச்சி பார்த்த உடனே சொன்னார்கள்: "நிழல் உங்களுக்கு இருக்கட்டும் தம்பி, அந்தத் தட்டை வெயில்ல வைங்க."

சரி என்று டிஷ்ஷைக் கூரையிலிருந்து இறக்கி, தரையில் ஸ்டாண்ட் போட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பாரமாகக் கட்டினேன். இப்போது வேனுக்குள் யார் நடந்தாலும் ஆடுவதில்லை. அப்புறம், போன் திசைகாட்டியை வேனை ஒட்டிப் பிடிக்காதீர்கள்; இரும்பு அதை ஏமாற்றிவிடும். பத்தடி தள்ளிப் பாருங்கள். டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்கும் சின்னக் கருவியான எல்.என்.பி.யையும் இங்கே சுமார் 55 பாகை திருப்ப வேண்டும். திருகைத் தளர்த்தி மெல்லத் திருப்பத் திருப்ப, சிக்னல் தரம் காட்டும் பட்டை ஏறியதைப் பார்த்தபோது அப்படி ஒரு நிம்மதி!

ராத்திரி டிடி தமிழில் செய்தி முழுக்கப் பார்த்தோம். நாளை ஆத்தங்குடி. இந்தத் தூரத்துக்குக் கோணம் மாறாது, ஸ்டாண்டை மட்டும் சமதரையில் வைக்க வேண்டும்.