பின் ஆக்சில் மாத்தணும்: தகடு இல்லாம ரேஷியோ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பழையவண்டி:
லீஃப் ஸ்பிரிங் போட்ட பழைய கார், பின் சக்கர ஓட்டம். 60 கி.மீ.க்கு மேல ஆக்சிலேட்டர் மிதிச்சா பின்னாடி ஊளைச் சத்தம், காலை எடுத்தா அடங்கிடுது. அதே மாடல்ல கழட்டின முழு ஆக்சில் ஒண்ணு கிடைச்சிருக்கு. ரேஷியோ எழுதியிருக்கிற தகடு இல்ல, ஹவுசிங் (ஆக்சிலோட வெளிக்கூடு) நம்பரும் துருவுல பாதி போயிடுச்சு. என் வண்டியில இருக்கிற ரேஷியோ 4.1 (சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 4.1 சுத்து). இது அதேதானா, நேரா உட்காருமான்னு மாட்டுறதுக்கு முன்னாடியே எப்படிப் பார்க்கிறது?

ஸ்பேனர்14:
தகடு இருந்தாலும் நம்ப வேண்டாம். உள்ள கிரவுன் பினியனை (பெரிய பல்சக்கரமும் அதைச் சுத்துற சின்னதும்) யாராவது மாத்தியிருந்தா தகடு பழைய கணக்கைத்தான் சொல்லும். சுத்தி எண்ணுறதுதான் நிச்சயம்.

பினியன் ஃபிளாஞ்ச்ல (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டுற முகம்) ஒரு சாக்பீஸ் கோடு, அதுக்கு நேரா ஹவுசிங்ல ஒரு கோடு. ஒரு பக்க பிரேக் டிரம்மை அசையாம கட்டிட்டு, அடுத்ததை 20 சுத்து சுத்துங்க. ஒரு பக்கம் நிக்கிறதால கிரவுன் 10 சுத்துதான் சுத்தும். ஃபிளாஞ்ச் 41 சுத்தினா 4.1, 39 சுத்தினா 3.9. ரெண்டே சுத்துல எண்ணினா இது ரெண்டையும் பிரிக்கவே முடியாது, அதனாலதான் 20. டிரம்மைக் கட்டாம ஒண்ணைச் சுத்தினா மத்தது எதிர்ப்பக்கம் திரும்பும், அது சாதா டிஃப்ரென்ஷியல். ரெண்டும் ஒரே பக்கம் திரும்பினா லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியா சுத்துறதைக் கட்டுப்படுத்துற ரகம்). அப்ப ரெண்டு டிரம்மையும் சேர்த்து 10 சுத்து.

பின்னாடி போல்ட் போட்ட மூடி இருந்தா (ஃபோர்டு 8.8 மாதிரி) அதைக் கழட்டி கிரவுன் பல்லையும் பினியன் பல்லையும் எண்ணி வகுக்கலாம். ஃபோர்டு 9 இன்ச் மாதிரி பின்பக்கம் மூடாம, டிஃப்ரென்ஷியல் முன்பக்கமா வெளிய வர்ற ரகம்னா ரெண்டு ஆக்சில் ஷாஃப்டையும் உருவினாதான் உள்ள பார்க்க முடியும்.

ஆயிலை வடிச்சு விரலால தடவிப் பாருங்க. காந்தத்துல கறுப்பா, களிம்பு மாதிரி ஒட்டியிருந்தா சாதாரணத் தேய்மானம். நகத்துல தட்டுப்படுற மாதிரி செதில் வந்தா பல்லோ பேரிங்கோ போயிடுச்சு, அந்த ஆக்சிலை விட்டுடுங்க.

ரேஷியோ சரியா இருந்தாலும் கீழே உள்ளதை அளக்காம தூக்க வேண்டாம்:
- வீல் உட்காருற முகத்துல இருந்து மறுபக்க முகம் வரைக்கும் அகலம்
- ரெண்டு ஸ்பிரிங் சீட்டுக்கும் நடுவுக்கு நடு தூரம்
- குழாய் விட்டம் (யூ போல்ட் இதுக்குத்தான் பொருந்தணும்)
- பினியன் ஃபிளாஞ்ச் போல்ட் இடைவெளி, யுனிவர்சல் ஜாயிண்ட் கிராஸ் அளவு
- வீல் போல்ட் வட்டம்: 4 போல்ட்னா எதிரெதிர் நடுவுக்கு நடு. 5 போல்ட்னா பக்கத்துப் பக்கத்து ரெண்டுக்கும் உள்ள தூரத்தை 1.701-ஆல பெருக்கணும்
- ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் மாட்டுற இடம்

பழையவண்டி:
அளவெல்லாம் ஒத்துப்போகுது அண்ணா. ஆனா 20 சுத்துக்கு 39தான் வருது. மாட்டலாமா?

ஸ்பேனர்14:
மாட்டலாம். 3.9-ஆ இருக்கும், இல்ல 43/11 பல்லா (3.909) இருக்கும். இந்த எண்ணிக்கையில அது பிரியாது, ஓட்டத்துல வித்தியாசமும் தெரியாது. அதே வேகத்துக்கு இன்ஜின் சுத்து 5 சதவீதம் குறையும், ஏத்தத்துல இழுவையும் அதே அளவு குறையும். ஸ்பீடோ கேபிள் கியர் பாக்ஸ்ல இருந்து வருதுன்னா நிஜமா 100-ல போறப்ப முள் 95-ல நிக்கும். ஸ்பீடோ பினியனை மாத்தினா சரியாகும். பழையதோட கிரவுனையும் இதோட பினியனையும் கலந்து போடுற யோசனை மட்டும் வேண்டாம். அது ஜோடியா தேய்ச்சுப் பொருத்தினது, கலந்தா ஊளை நிச்சயம்.

கிரீஸ்கன்:
கழட்டுறதுக்கு: முன் சக்கரத்துக்கு முட்டு, ஸ்டாண்டை பாடியில ஸ்பிரிங்கோட முன் கண்ணுக்கு முன்னாடி கொடுங்க. ஆக்சிலுக்கு அடியில கொடுத்தா அப்புறம் எதைக் கழட்டுறது! ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சுல அடையாளம் போட்டுட்டுப் பிரிங்க. பிரேக் ஹோஸைக் கழட்டின உடனே அடைச்சுடுங்க, இல்லன்னா ரிசர்வாயரே காலியாகி மாஸ்டர் சிலிண்டர்ல காத்து ஏறும். ஆக்சில் ஸ்பிரிங்குக்கு மேல உட்காருற வண்டின்னா யூ போல்ட், ஷாக் போனதும் தூக்கி ஒரு பக்கமா சாய்ச்சு உருவலாம். தனியா செய்ய வேண்டாம்.

மாட்டுறப்ப அதிகம் தப்பு நடக்கிற இடம் சென்டர் போல்ட் (ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது). அதோட தலை ஸ்பிரிங் சீட் ஓட்டையில முழுசா இறங்கணும். ஓரத்துல ஏறி நின்னா யூ போல்ட் இறுகின மாதிரியே தெரியும், ஆனா ஆக்சில் கோணலா நிக்கும், வண்டி நேரா போகாது. கீழே படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு இறுக்குங்க. யூ போல்ட் புதுசு போடுங்க, பழசு நீண்டிருக்கும். குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். புஷ் உள்ள போல்டுகளைக் கடைசியா, வண்டியை இறக்கி எடை விழுந்த பிறகு இறுக்கினாதான் ரப்பர் முறுக்காம நிக்கும்.

பழைய ஹவுசிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல கோண ஆப்பு இருந்தா அதே பக்கம் திரும்பவும் வைக்கணும். விட்டுட்டா பினியன் கோணம் மாறி, ஊளை போய் அதிர்வு வந்து சேரும். வீல் சிலிண்டர் அளவும் பழையதோட ஒத்திருக்கணும், பெருசா இருந்தா பின் சக்கரம் முதல்ல லாக் ஆகும்.

நட்டுபோல்ட்:
ஒண்ணு சேர்த்துக்கங்க. வெளிய இருக்கும்போதே ரெண்டு ஆக்சில் சீலையும் மாத்திடுங்க. பினியன் சீலைத் தொடுறதுக்கு முன்னாடி யோசிங்க. உள்ள நசுங்குற ஸ்லீவ் (பேரிங் இறுக்கத்தை நிர்ணயிக்கிற குழல்) போட்ட ரகம்னா நட்டைக் கண்ணை மூடிட்டு இறுக்கக் கூடாது. கழட்டுறதுக்கு முன்னாடி பினியன் திரும்புற பாரத்தை அளந்து, இறுக்குறப்ப அதே அளவுல நிறுத்தணும். தாண்டினா ஸ்லீவை மாத்தித்தான் ஆகணும், தளர்த்தினா சரியாகாது.

ஹைபாய்ட் கிரவுன்னா (பினியன் கிரவுனோட நடுவுக்கு நேரா இல்லாம தள்ளி உட்காருற ரகம்) ஜிஎல்-5, 80டபிள்யூ-90 கியர் ஆயில், நிரப்புற ஓட்டை வழியா வழியிற வரைக்கும். கடைசியா குழாய் மேல இருக்கிற பிரீதரை (உள்ள இருக்கிற காத்து வெளியேறுற சின்ன வழி) ஊதிப் பாருங்க. மண்ணு அடைச்சிருந்தா சூட்டுல ஹவுசிங் உள்ள அழுத்தம் ஏறி, நேத்து போட்ட சீல் வழியாவே ஆயில் பிரேக் ஷூவுக்கு வந்துடும்.